பழைய வேக்குவம் கிளீனர் ஹோஸ்ல அடைப்பு, கூடவே கீறல்: சரி பண்ணலாமா, பங்கார்ல (பழைய சாமான் கடைல) போடலாமா?

செம்பூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். மும்பைல எங்க வீட்ல ஒரு பழைய வேக்குவம் கிளீனர் இருக்கு, தரையில இழுத்துட்டே போற டைப், நீளமான ஹோஸ், முன்னால ரெண்டு ஸ்டீல் குழாய், அடியில பிரஷ். டை கட்டின பையன் ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து நம்ம மெத்தையையே உறிஞ்சி, வந்த தூசிய வெள்ளைத் துணியில கொட்டிக் காட்டி, அம்மாவ வெக்கப்பட வெச்சு வித்துட்டுப் போன காலத்து மெஷின். இத்தன வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ பக்கத்து பில்டிங்க இடிச்சுட்டு ரீடெவலப்மென்ட் நடக்குது, ஜன்னல தொறந்தா சிமென்ட் தூசி, அதனால மெஷினுக்கு தினம் டியூட்டி.

பிரச்சனை என்னன்னா இழுப்பே இல்ல. ஒரு பேப்பர் துண்டு கூட ஒட்ட மாட்டேங்குது. சத்தம் மட்டும் முன்னவிட கீச்சுன்னு ஏறிப்போச்சு, கொஞ்ச நேரம் ஓடிட்டு தானா நின்னுடுது, ஆறினதும் மறுபடி ஓடுது. இது போக ஹோஸ் மெஷினோட சேர்ற எடத்துக்கு மூணு விரல் தள்ளி கீறல் விட்டிருக்கு, அப்பா எப்பவோ பிரவுன் டேப் சுத்தி வெச்சது இப்ப கொழகொழன்னு கெடக்கு. ரிப்பேர் கடைல காட்டினேன், ஆளு ஹோஸ தொட்டுக்கூட பாக்கல, சத்தத்த கேட்டுட்டு மோட்டர் போச்சு, இந்த ஹோஸும் இப்ப வர்றதில்ல, புதுசு வாங்கிடுங்கன்னாரு. அம்மா பங்கார்வாலாகிட்ட குடுக்க விடமாட்டேங்கறாங்க. என்ன பண்ணலாம்?

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

ப்ரோ புதுசு வாங்குங்க. ஆபீஸ் போயிட்டு வந்து மனுஷனுக்கே இழுப்பு இல்ல, மெஷினுக்கு ஏன் பாடுபடறீங்க.

முலுண்ட்_மெக்கானிக்

தம்பி, அவசரப்பட்டு மோட்டர கழட்டாதீங்க, யார்கிட்டயும் கழட்டவும் குடுக்காதீங்க. மொதல்ல எங்க இழுப்பு நிக்குதுன்னு பாக்கணும். ஹோஸ மெஷின்லேருந்து உருவிடுங்க, மெஷின போட்டு அந்த வாய்ல உள்ளங்கைய வைங்க. கைய புடிச்சு இழுத்தா மோட்டர், பை, ஃபில்டர் எல்லாம் பாஸ். இழுக்கலைன்னா பைய எடுத்துட்டு பாருங்க (பை இல்லாம ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, ஒரு நிமிஷம் போதும்). வாய்ல இழுப்பு இருந்தா ஹோஸ மாட்டி கைப்பிடி முனைல கை வைங்க, அப்புறம் ஸ்டீல் குழாய ஒண்ணொண்ணா சொருகிப் பாருங்க, கடைசியா பிரஷ். எந்தத் துண்ட மாட்டினதும் இழுப்பு செத்துப்போகுதோ அந்தத் துண்டுலதான் கோளாறு. ஒரு ஸ்குரூ கூட கழட்ட வேண்டியதில்ல.

கைப்பிடியில ஒரு சின்ன தள்ளு மூடி இருக்கும், திரைச்சீலைய பெருக்கறப்ப இழுப்ப கொறைக்கறதுக்கு. அது தொறந்து இருக்கான்னும் பாத்துடுங்க. சிரிக்காதீங்க, அந்த மூடிய மூடிவிட்டே நான் காசு வாங்கியிருக்கேன்.

செம்பூர்வாசி

பாத்துட்டேன்ணா. மெஷின் வாய்ல கைய வெச்சா செமயா இழுக்குது, தோல் செவந்து போச்சு. ஹோஸ் மாட்டினதும் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. மூடி மூடித்தான் இருக்கு. அப்போ மோட்டர் நல்லாத்தான் இருக்கா? அந்த கீச் சத்தம் ஏன் அப்போ?

முலுண்ட்_மெக்கானிக்

மோட்டர் ராஜா மாதிரி இருக்கு. கார்பன் பிரஷ் (மோட்டருக்குள்ள கரன்ட் குடுக்கற கரித்துண்டு) தேஞ்சு போனா வேற மாதிரி, உள்ள பொறி பறக்கும், கருகின வாடை வரும், விட்டு விட்டு ஓடும். உங்களுது ஹோஸ் அடைப்பு.

சத்தம் ஏறினா மோட்டர் திணறுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, விஷயம் நேர் எதிர். உள்ள இருக்கறது ஒரு ஃபேன். அது காத்த தள்ளறதுதான் மோட்டருக்கு வேலை. பைப் அடைச்சுட்டா தள்ள காத்தே இல்ல, வேலை கொறஞ்சுடுது, அதனால இன்னும் வேகமா சுத்துது, அந்த வேகம்தான் கீச்சுன்னு கேக்குது.

பவாய்_பம்பு

அண்ணா இத ஒத்துக்க முடியல. அடைச்சா லோடு கூடும்னுதானே லாஜிக்? அப்புறம் ஏன் சூடேறி நிக்குது?

முலுண்ட்_மெக்கானிக்

பேர்ல பம்ப வெச்சுக்கிட்டு இத கேக்கலாமா :) நம்ம சொசைட்டி தண்ணி மோட்டர் சென்ட்ரிஃபூகல் டைப்தானே (ஃபேன் மாதிரி சுத்தி தண்ணிய தள்றது), டெலிவரி வால்வ மூடிப்பாருங்க, ஆம்பியர் இறங்கும். இதுவும் அப்படித்தான். வாட் காட்டற பிளக் இருந்தா வேக்குவத்த அதுல போட்டு வாய கையால மூடுங்க, சத்தம் ஏறும், வாட் இறங்கும், கண்ணாலயே பாக்கலாம்.

சூடு ஏன்னா இந்த மாதிரி மெஷின்ல உறிஞ்சற அதே காத்துதான் பைய தாண்டி வந்து மோட்டர் மேல அடிச்சு அத ஆற வெக்குது. காத்து நின்னா ஆற வழியில்ல. ஒரு அளவுக்கு மேல சூடானா உள்ள இருக்கற தெர்மல் கட்டவுட் நிப்பாட்டிடும், ஆறினா தானா சேந்துக்கும். அது உங்க மோட்டர காப்பாத்திட்டு இருக்கு தம்பி, ஆனா தெனம் அத நம்பி ஓட்டாதீங்க, அடைப்ப எடுக்கற வரைக்கும் மெஷின போடாதீங்க.

பவாய்_பம்பு

சரி சரி, போட்டுப் பாத்தேன், வாட் இறங்கத்தான் செய்யுது. வாயடைச்சுட்டீங்க.

மாட்டுங்கா_மாமி

கொழந்தே, ஹோஸ நன்னா நீட்டி ஒரு முனைல மொபைல் டார்ச்ச அடிச்சு மறுமுனைல பாரு. வெளிச்சம் தெரியலேன்னா ஒரு கோலிக்குண்ட போட்டு பைப்ப தூக்கி மெதுவா சாய்ச்சுண்டே வா, உருள்ற சத்தம் எங்க நிக்கறதோ அங்கதான் அடைப்பு. காச போடாதே, 10 ரூபா காசு 27 மில்லிமீட்டர் அகலம், பைப்போட உள் விட்டம் 32 கிட்டத்தான் இருக்கும், அது குறுக்க நின்னுடுத்துன்னா அடைப்புக்கு மேல அடைப்பு.

அனேகமா நேர் பைப்ல ஒண்ணும் இருக்காது, வளையற எடத்துலதான் நிக்கும், கைப்பிடி வளைவுல, இல்லேன்னா மெஷின்ல சொருகற மூக்குல. எங்காத்துல எப்பவும் ஒரே கதைதான், தொடப்பக்குச்சியோ ஹேர்பின்னோ குறுக்க மாட்டிக்கும், அதுல நீள முடி ரெண்டு சுத்திக்கும், அப்புறம் வர்ற போறதெல்லாம் அதுலயே தங்கி திண்டு ஆயிடும். பொண்ணு ஊர்லேர்ந்து வந்துட்டு போனா ஹோஸ பாக்கணும்னு எனக்கு கணக்கு.

எடுக்கறதுக்கு நான் பண்றது: ஹோஸ திருப்பிடு. கைப்பிடி முனைய மெஷின் வாய்ல வெச்சு ஈரத்துணிய சுத்தி காத்து போகாம புடிச்சுக்கோ, மெஷின போடு. இப்போ காத்து எதிர் பக்கமா போறது. மறுமுனைய உள்ளங்கையால மூடி மூடி தொற, பக் பக்னு இழுக்கும். வந்த வழியாவே பெரும்பாலும் வந்துடும். மின்ன சொன்னா மாதிரி சூடாகாம ஒரு நிமிஷத்துக்குள்ள நிறுத்திடு. உள்ள பழைய பையே இருக்கட்டும், ஊக்கு கீக்கு வந்தா புதுப்பை கிழிஞ்சுடும்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

மாமி 🙏 இதுக்கு முன்னாடி ஏன் யாரும் இத சொல்லல

தாராவி_தம்பி

மாமி சொன்னது சூப்பர். ஆனா எதுக்கு இவ்ளோ? துணி மாட்ற கம்பி ஹேங்கர நீட்டி உள்ள விட்டு குத்துங்க, இல்லன்னா பாத்ரூம் டிரைனேஜ் பவுடர் போட்டு சுடுதண்ணி ஊத்துங்க, முடியெல்லாம் கரைஞ்சுடும்.

முலுண்ட்_மெக்கானிக்

ஐயோ ரெண்டும் வேண்டாம் தம்பி. ஹேங்கர் கம்பி முனை ஹோஸ் சுவத்த கிழிச்சுடும், வெளிய தெரியாது, அப்புறம் ஓட்டை தேடிட்டு திரியணும். டிரைனேஜ் பவுடர் காஸ்டிக் சோடா, தண்ணி பட்டா கொதிக்கும், ஹோஸோட மடிப்பு மடிப்பா இருக்கற சுருள்ல தங்கிடும், மிச்சம் மீதி மெஷினுக்குள்ள போனா அலுமினியத்த அரிக்கும், கையிலயும் படும். சாப்பாட்டு எடத்துல, கொழந்த தவழற எடத்துல ஓட்டற சாமான் அது.

தள்ளியே ஆகணும்னா வயரிங்காரங்க சுவர் பைப்புக்குள்ள வயர் இழுக்க ஒரு நைலான் ஸ்பிரிங் வெச்சிருப்பாங்க, அது நல்லது, முனை மொட்டையா இருக்கும். இல்லன்னா தோட்டத்து தண்ணிப் பைப் ஒண்ண விட்டு தள்ளுங்க. தொடப்பக்கட்டை மாதிரி நேரான கம்பு நேர் குழாய்க்கு சரி, ஹோஸ்க்குள்ள வளையாது. எந்தப் பக்கம் தள்றதுன்னா, மெஷின் பக்க முனைலேருந்து கைப்பிடி பக்கமா. உள்ள வந்தது வந்த வழியே வெளிய போகணும், எதிர்ப்பக்கம் தள்ளினா இறுகித்தான் போகும்.

சில பழைய மெஷின்ல பின்னாடி காத்து வெளிய வர்ற வாய்லயும் ஹோஸ் சொருகலாம், ஊதறதுக்கு. அதுல மாட்டி ஊதியும் எடுக்கலாம், ஆனா வீட்டுக்குள்ள பண்ணாதீங்க, மொட்டை மாடிக்கு போங்க, முனைய ஒரு பழைய தலையணை உறைக்குள்ள விட்டு கட்டிடுங்க.

கிங்ஸ்_சர்க்கிள்_கிழவர்

ஒரு சின்ன தகவல். வேக்குவம் கிளீனர் வர்றதுக்கு முன்னாடி தூசிய ஊதித் தள்ற மெஷின்தான் இருந்தது. லண்டன்ல ஹ்யூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர் அதப் பாத்துட்டு, ஏன் ஊதணும், உறிஞ்சினா என்னன்னு யோசிச்சு, நாற்காலி மேல கைக்குட்டைய வெச்சு வாயால உறிஞ்சிப் பாத்தாராம், துணியோட மறுபக்கம் கறுப்பா தூசி. 1901ல மெஷின் பண்ணினார், குதிரை வண்டியில வெச்சு தெருவுல நிறுத்தி நீள நீள ஹோஸ ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள விடுவாங்க. நீங்க வெச்சிருக்கற மாதிரி தரையில இழுக்கற டைப்ப 1921ல எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி ‘மாடல் V’-ன்னு கொண்டுவந்தது, அடியில பனிச்சறுக்கு கட்டை மாதிரி ரெண்டு பட்டை, சக்கரம் கூட கெடையாது.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

தாத்தா அந்த குதிரை ஹோஸ்ல அடைப்பு வந்தா யாரு எடுத்தாங்க?

கிங்ஸ்_சர்க்கிள்_கிழவர்

உன்ன மாதிரி வேலைவெட்டி இல்லாத ஒருத்தன விட்டு எடுத்திருப்பாங்க.

செம்பூர்வாசி

வந்துடுச்சு!!! மாமி முறைல திருப்பி வெச்சு பக் பக்னு பண்ணேன், கொஞ்சம் அசைஞ்சுது ஆனா வரல, அப்புறம் கைப்பிடி வளைவ கழட்டிப் பாத்தா அங்கயே தலை நீட்டிட்டு இருந்தது, மூக்கு புடுங்கியால (நோஸ் பிளையர்) புடிச்சு இழுத்தேன். மாமி சொன்னது அச்சு அசல், நடுவுல தொடப்பக்குச்சி குறுக்க, அதுல முடி, விளக்குத் திரி, மாத்திரை அட்டை ஒரு துண்டு, பையனோட கார் பொம்மை சக்கரம், எல்லாத்தையும் சிமென்ட் தூசி சேத்து கெட்டி பண்ணிடுச்சு. அம்மா சக்கரத்த மட்டும் கழுவி எடுத்து வெச்சுட்டாங்க.

இழுப்பு வந்துடுச்சு ஆனா முழுசா இல்ல, கீறல் பக்கம் உஸ்ஸுன்னு சத்தம். அந்த டேப்ப உரிச்சா கை முழுக்க பிசின். இப்ப அதுக்கு என்ன?

மாட்டுங்கா_மாமி

பிசினுக்கு தேங்காயெண்ணெய் தடவி ஊறவெச்சு பழந்துணியால தொடை, போயிடும். அப்புறம் சோப்பு போட்டு எண்ணெய் போக தொடச்சுடு, இல்லேன்னா அடுத்து எத ஒட்டினாலும் நிக்காது.

முலுண்ட்_மெக்கானிக்

வேற எங்கயாவது கீறல் இருக்கான்னும் இப்பவே பாத்துடுங்க. ஹோஸ வளைச்சு வளைச்சு காது கொடுத்து கேக்கலாம், ஊதுபத்தி இன்னும் துல்லியம். மெஷின போட்டு கைப்பிடி முனைய முக்கால்வாசி மூடிக்கிட்டு, ஹோஸ ஒட்டி ஊதுபத்திய கொண்டு போங்க, ஓட்டை இருக்கற எடத்துல புகை சட்டுனு உள்ள வளைஞ்சு போகும். நெருப்பு முனை ஹோஸ்ல படக்கூடாது, கங்கு எதுவும் உள்ள போகக்கூடாது, பை நிறைய தூசி, பத்திக்கும். அத தள்ளியே புடிங்க, புகை மட்டும் போதும்.

தாராவி_தம்பி

சால்டரிங் அயர்ன வெச்சு கீறல உருக்கி ஒட்டிடலாமே? பக்கெட்டுக்கு அப்படித்தான் பண்றோம்.

முலுண்ட்_மெக்கானிக்

பக்கெட் வேற பிளாஸ்டிக். பழைய ஹோஸ் நிறைய பிவிசி, உள்ள ஸ்டீல் கம்பி சுருளா போகும். பிவிசிய கருக்கினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். ஒட்டினாலும் அந்த எடம் விறைச்சு போய் பக்கத்துலயே மறுபடி ஒடியும். எம்சீலும் அப்படித்தான், அசையாத மூக்கு உடைஞ்சிருந்தா அதுக்கு நல்லது, வளையற எடத்துல பொளந்துக்கும்.

சயான்_சைக்கிள்

என் ஜுகாட் (கைல இருக்கறத வெச்சு பண்ற குறுக்கு வழி) கேளுங்க. குண்டு டயர் சைக்கிளோட பழைய டியூப், ஒரு சாண் வெட்டி, உள்ள பவுடர் தூவி, ஹோஸ் மேல சட்டை மாதிரி ஏத்திடுங்க. கீறல் நடுவுல வரணும். ரப்பர் தானே இறுக்கிப் புடிச்சுக்கும், உறிஞ்ச உறிஞ்ச இன்னும் ஒட்டிக்கும், ஏன்னா உள்ள காத்தழுத்தம் கம்மி, வெளிக்காத்து அத அமுக்குது. வளையவும் செய்யும். பைசா செலவில்ல, பஞ்சர் கடைல சும்மாவே குடுப்பான்.

கோரேகாவ்_ரிட்டர்ன்

சைக்கிள் டியூப் நல்ல ஐடியா ஆனா பாக்க நல்லா இருக்காது. பிசின் இல்லாத சிலிக்கான் டேப்னு ஒண்ணு இருக்கு, தன்மேலயே தான் ஒட்டிக்கும், லோஹார் சால் எலக்ட்ரிகல் கடைகள்ல கேட்டுப் பாருங்க. ரெண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்கு பாதி மேல ஏறற மாதிரி சுத்தணும். வெயிலுக்கு உருகாது. சாதா டக்ட் டேப் மே மாசம் வந்தா பிரவுன் டேப் கதிதான்.

முலுண்ட்_மெக்கானிக்

ரெண்டுமே நடு ஹோஸ்ல கீறினா சரி. ஆனா தம்பியோட கீறல் மூக்குக்கு மூணு விரல் தள்ளித்தானே? அப்போ ஒட்டவே வேண்டாம், வெட்டிடுங்க. நான் பண்ற முறை இதுதான்.

அந்த மூக்கு ஹோஸ் சுருள் மேல மரை மாதிரி ஏறியிருக்கும். பல மாடல்ல இடது மரை, நாம வழக்கமா கழட்டற பக்கம் திருகினா இறுகும். ஹோஸோட சுருள் எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாத்துட்டு திருகுங்க. கெட்டியா இருந்தா கை பொறுக்கற சூட்டுல தண்ணி, அதுல மூக்க மட்டும் கொஞ்ச நேரம் வெச்சா இளகும். கொதிக்கற தண்ணி வேண்டாம், ஹோஸ் வடிவம் போயிடும். சிலதுல பசை போட்டிருப்பாங்க, அத கத்தியால நெம்பாதீங்க, மூக்கு ஒடைஞ்சா மறுபடி கெடைக்காது, பழைய ஹோஸ் துண்ட சின்ன சின்னதா வெட்டி உரிச்சு எடுங்க.

கழண்டதும் கீறலுக்கு அந்தாண்ட நல்ல எடமா பாத்து ரெண்டு சுருளுக்கு நடுப்பள்ளத்துல கட்டர் கத்தியால சுத்தி வெட்டுங்க. கம்பி வந்தா கட்டிங் பிளையரால நறுக்கி, முனைய உள்பக்கமா இல்ல, சுவத்தோட ஒட்டினாப்ல மடக்கிடுங்க, உள்ள நீட்டிட்டு இருந்தா அடுத்த முடி அதுலதான் மாட்டும். கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவி மூக்க மறுபடி திருகுங்க. அரை அடி கம்மியாகும், அவ்ளோதான்.

செம்பூர்வாசி

இடது மரையேதான்ணா! நீங்க சொல்லலைன்னா திருகி ஒடச்சிருப்பேன். வெட்டி மாட்டியாச்சு. ஊதுபத்தி வெச்சதுல நடுவுல இன்னொரு ஊசி ஓட்டை தெரிஞ்சுது, அதுக்கு சயான் அண்ணனோட சைக்கிள் டியூப் சட்டை போட்டாச்சு. இப்ப கைய வெச்சா முனைலயும் நல்லா புடிக்குது. தானா நிக்கறதும் இல்ல.

ஹோஸ் உள்ள நாத்தம் அடிக்குது, கழுவலாமா?

கோரேகாவ்_ரிட்டர்ன்

கழுவறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, இது செம்பூர்வாசிக்கு இல்ல, என்ன மாதிரி அமெரிக்காலேருந்து மெஷின தூக்கிட்டு வந்து ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர்ல ஓட்றவங்களுக்கு. கார்ப்பெட் பிரஷ்ல தனி மோட்டர் இருக்கற மாடல்ல ஹோஸ் சுவத்துக்குள்ளயே கரன்ட் வயர் போகும், முனைல பின் தெரியும். அத தண்ணில முக்கவே கூடாது, வெட்டவும் கூடாது. கம்பினு நெனச்சு நறுக்கினது கரன்ட் வயரா இருக்கும்.

மாட்டுங்கா_மாமி

சாதா ஹோஸ்னா கழுவலாம். பக்கெட்ல வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் தேய்க்கற லிக்விட் நாலு சொட்டு, உள்ள விட்டு ரெண்டு முனையும் புடிச்சுண்டு ஊஞ்சல் ஆட்டறாப்ல ஆட்டு, கொட்டு, மறுபடி. கறுப்பா வரும், பயப்படாதே. கடைசியா நல்ல தண்ணி. அப்புறம் கொடில நீளமா தொங்கவிடு, நடுவுல தொய்யாம, தொய்ஞ்சா அங்க தண்ணி தங்கும். மழைக்காலத்துல மட்டும் இத பண்ணாதே, நம்மூர் ஜூலை மாசத்துல துணியே காயாது, ஹோஸ் சுருளுக்குள்ள எங்க காயறது, பூஞ்சை புடிச்சுடும். மழைல கழுவித்தான் ஆகணும்னா டேபிள் ஃபேன் முன்னாடி ஒரு முனைய கட்டி வெச்சுடு. ஈரம் துளி இருந்தாலும் மாட்டாதே, தூசி பட்டா களிமண்ணாயிடும், இன்னொரு அடைப்பு ரெடி.

முலுண்ட்_மெக்கானிக்

மாமி சொன்னதோட ஒண்ணு. தம்பி, சிமென்ட் தூசி, பெயின்டர் பட்டி தேய்க்கற பொடி, கோலமாவு இதையெல்லாம் இந்த மெஷின்ல இழுக்காதீங்க. அது அவ்ளோ நைசு, பையோட கண்ண அடைச்சுடும், பை பாதி கூட நிறையாம இழுப்பு போயிடும், மிச்சம் மோட்டர் பேரிங் வரைக்கும் போகும். ஜன்னல் ஓரத்த ஈரத்துணியால தொடைச்சுடுங்க, மத்ததுக்கு மெஷின்.

பவாய்_பம்பு

என் ஹோஸ் நடுவுல நாலஞ்சு எடத்துல போயிடுச்சு, தொட்டா தூளாகுது. அதுக்கும் சைக்கிள் டியூபா?

சயான்_சைக்கிள்

அதுக்கு லோக்கல் டிரெயின் பிடிங்க. மஸ்ஜித்ல இறங்கி மேற்குப் பக்கம் நாக்தேவி ஸ்ட்ரீட், ஹோஸும் பைப்பும் விக்கற கடைகள் வரிசையா இருக்கும், மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க. பழைய ஹோஸ ஒரு துண்டும் ரெண்டு மூக்கையும் கையில எடுத்துட்டுப் போங்க, அளவ வாயால சொன்னா வேலைக்காகாது. உள்விட்டம் மட்டும் இல்ல, சுருளுக்கு சுருள் எடைவெளியும் ஒத்து வரணும், இல்லன்னா மூக்கு மரை ஏறாது. கடைலயே திருகிப் பாத்துட்டு காசு குடுங்க. தண்ணி உறிஞ்சற பச்சை ஹோஸ காட்டுவாங்க, அது வெறைப்பு, சோபாக்கு அடியில வளைக்க முடியாது, வேண்டாம்னுடுங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

எல்லாரும் கேலி பண்ணாம இருந்தா ஒண்ணு கேக்கறேன். மாமனார் வீட்ல இதே மாதிரி மெஷின் பரண்ல கெடக்கு. ஹோஸ் நல்லா இருக்கு, பேப்பர் பைதான் கெடைக்கல. துணியில தெச்சுக்கலாமா?

மாட்டுங்கா_மாமி

அப்படி வா வழிக்கு! தெச்சுக்கலாம், ஆனா பழைய பையோட வாய்ல ஒரு அட்டை இருக்குமே, மெஷின்ல மாட்ற ஓட்டை போட்டது, அது இருக்கா பாரு. அத பத்திரமா உரிச்சு எடுத்து வெச்சுக்கோ, அது இல்லேன்னா பை வாய்லயே நிக்காது. துணி கெட்டியா, நெருக்கமா நெய்ததா இருக்கணும், மல்மல் வேண்டாம், தூசி அப்படியே மோட்டருக்குப் போயிடும். ரெட்டை மடிப்பு போட்டு, தையல் வெளிப்பக்கமா இருக்கட்டும். அடிப்பக்கம் தைக்காம விட்டு மடிச்சு கிளிப் போட்டுடு, கொட்டறதுக்கு சௌகரியம்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்

அட்டை இருக்கு மாமி. ஆனா எலி ஒரு ஓரத்த கடிச்சிருக்கு.

மாட்டுங்கா_மாமி

நடு ஓட்டையும் அதச் சுத்தி இருக்கற ரப்பரும் முழுசா இருந்தா போறும். ஓரத்த வேற அட்டை மேல வெச்சு வரைஞ்சு வெட்டி ஒட்டிக்கோ. மெஷினுக்குள்ளயும் எலி வயர கடிச்சிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பிளக்ல போடு.